பேரூராட்சியில் யாரிடம் போவது, என்ன கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேரூராட்சி அலுவலகத்தில் பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்ற பின்னும், வரி ரசீதையோ பாதி எழுதிய மனுவையோ கையில் வைத்துக்கொண்டு திண்ணைக்கு வந்து சந்தேகம் கேட்பவர்கள் குறையவில்லை. ஆள்தான் மாறுகிறாரே தவிர, கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே அடிக்கடி வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் உள்ள காவிரிக் கரைப் பேரூராட்சி ஒன்றை மனத்தில் வைத்து எழுதியது இது. பாபநாசத்திலோ நன்னிலத்திலோ இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

டெல்டாவில் ஒரே தெருவில் சாலை ஒரு துறையுடையதாகவும், அதன் ஓரத்து வாய்க்கால் இன்னொரு துறையுடையதாகவும், வீட்டின் அடிமனை (வீடு நிற்கும் நிலம்) கோயிலுடையதாகவும், விளக்கு பேரூராட்சியுடையதாகவும் இருக்கும். குறை எதுவானாலும், பழுதான பொருள் யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் எழுதும் மனு, அலுவலகம் அலுவலகமாகச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைப் பற்றியவைதான்.

எங்க ஊரு பேரூராட்சியா, ஊராட்சியா? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. ஊராட்சி என்பது ஊரக உள்ளாட்சி. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் இயங்குவது. அதற்கு மேலே ஊராட்சி ஒன்றியமும் வட்டார வளர்ச்சி அலுவலரும் உண்டு. பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சியின் முதல் படி. அதற்கு மேல் நகராட்சி, அதற்கும் மேல் மாநகராட்சி. இம்மூன்றுக்கும் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும் பொருந்தும். குத்தாலம், ஆடுதுறை, வலங்கைமான் ஆகியவை பேரூராட்சிகள், மயிலாடுதுறை நகராட்சி, கும்பகோணம் 2021இல் மாநகராட்சியாக அறிவிக்கப்பட்டது.

ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரூராட்சித் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரூராட்சிகளுக்குக் கடைசியாக 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தது. சுற்றுவட்ட ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். எல்லையோரத்தில் ஒரு தெருவின் வடசிறகு பேரூராட்சியிலும் தென்சிறகு ஊராட்சியிலும் இருப்பது இங்கே புதுமையல்ல. ஐயமிருந்தால் வீட்டு வரி ரசீதின் தலைப்பைப் பாருங்கள். வரி வாங்குகிறவரே பொறுப்பானவர்.

பேரூராட்சின்னா நூறு நாள் வேலை கிடையாதாமே, ஏன்?

அது ஊரகப் பகுதிகளுக்கென்றே சட்டத்தில் வகுக்கப்பட்ட வேலைத் திட்டம் என்பதால்தான். பேரூராட்சி எல்லைக்குள் நடவும் களையெடுப்பும் நடந்தாலும், வயல் வேலை செய்து பிழைக்கும் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அது நகரம். அருகிலுள்ள ஊராட்சியை நகராட்சியோடு இணைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தவுடன் பெண்கள் மறியலுக்கு உட்காருவதற்கு இது முதல் காரணம், வரி உயரும் என்ற அச்சம் இரண்டாவது. இரண்டுமே நியாயமான கவலைகள் என்பது என் கருத்து.

ஒரு குறைன்னா தலைவருகிட்ட சொல்றதா, இ.ஓ.கிட்ட சொல்றதா, வார்டு மெம்பர்கிட்ட சொல்றதா?

எழுத்து மூலமான மனு எப்போதும் செயல் அலுவலருக்கே (இ.ஓ. என்பது அவரைத்தான்). அலுவலகத்தின் பணியாளர்கள், பதிவேடுகள், மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி எல்லாம் அவர் பொறுப்பில் நடப்பவை. மனுவின் நகலை வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். விளக்கு மாற்றுவது, அடைப்பு எடுப்பது போன்ற அன்றாட வேலைக்குச் செயல் அலுவலரின் உத்தரவே போதும். புதிதாகச் சாக்கடை கட்டுவது, சாலை போடுவது போன்றவற்றுக்கு மன்றத்தின் தீர்மானமும் நிதியும் வேண்டும், அந்தப் பொருளை மன்றக் கூட்டத்தில் எழுப்ப வேண்டியவர் உறுப்பினர். தலைவர் அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கிறார்.

உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கீடு 2016இல் சட்டமாகி, இன்று பல ஊர்களில் தலைவராகவும் உறுப்பினராகவும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கணவரோ மைத்துனரோ ‘என்னிடம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று மனுவை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதும் உண்டு. சட்டைப் பைக்குப் போன மனு பதிவேட்டில் ஏறாது. அந்த அம்மாவிடமே நேரில் கொடுங்கள். இல்லாவிட்டால் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தெரு விளக்கு எரியல. இ.பி.காரங்க பேரூராட்சியைச் சொல்றாங்க, பேரூராட்சி இ.பி.யைச் சொல்லுது. யாரு சொல்றது சரி?

இருவர் சொல்வதும் பாதிப் பாதி சரி. கம்பமும் மின்கம்பியும் மின்வாரியத்துடையவை (2024 முதல் அதன் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்). கம்பத்தில் மாட்டியிருக்கும் விளக்கு பேரூராட்சியுடையது. அதற்கான மின்கட்டணத்தைச் செலுத்துவதும் பேரூராட்சியே. ஒரே ஒரு விளக்கு எரியவில்லையானால் பேரூராட்சிக்குச் சொல்லுங்கள். வீடுகளிலும் மின்சாரம் இல்லை, அல்லது கம்பி தாழ்ந்து தொங்குகிறது, கம்பம் சாய்ந்திருக்கிறது என்றால் மின்வாரியத்துக்கு. ‘மின்னகம்’ சேவை மையத்தின் எண் 94987 94987. எங்கே சொன்னாலும் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துச் சொல்லுங்கள். ‘பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துக் கம்பம்’ என்றால், நம் ஊர்களில் எந்தப் பிள்ளையார் என்று கேட்பார்கள்.

ஐப்பசி வந்தா வாசல்ல தண்ணி நிக்குது. சாக்கடையை எடுத்தும் வடியல. என்ன செய்யறது?

தெருச் சாக்கடை பேரூராட்சியுடையது. அது போய் விழும் வாய்க்கால் பெரும்பாலும் நீர்வளத் துறையுடையது. 2021 வரை பொதுப்பணித் துறையில் இருந்ததால் ஊரில் இன்றும் அதைப் பி.டபிள்யூ.டி. என்றே சொல்கிறோம். ஆறுகளும் ‘ஏ’, ‘பி’ வகை வாய்க்கால்களும் நீர்வளத் துறையால் தூர்வாரப்படுகின்றன. வயலுக்குள் பிரியும் ‘சி’, ‘டி’ வகைச் சிறு வாய்க்கால்களில் வேளாண்மைப் பொறியியல் துறை வேலை செய்கிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்கு முன் தூர்வாரி முடிக்க வேண்டும் என்பது கணக்கு. அப்போது எடுத்த வாய்க்காலில் புரட்டாசிக்குள் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மறுபடி மண்டிவிடுவதால், பாசனத்துக்குச் செய்த வேலை மழைக்கால வடிகாலுக்கு உதவாமல் போகிறது. ஆகவே வடிகால் பற்றிய மனுவை ஆவணியிலேயே கொடுத்துவிட வேண்டும். தண்ணீர் நின்றபின் கொடுத்தால் மோட்டார் வைத்து இறைப்பார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் ஒரு தெருவில் ஆண்டுதோறும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பேரூராட்சி தன் சாக்கடையைச் சுத்தம் செய்தது, நீர்வளத் துறை தன் வாய்க்காலைத் தூர்வாரியது, ஆனாலும் தண்ணீர் அசையவில்லை. இரண்டுக்கும் நடுவே பெரிய சாலைக்கு அடியில் போகும் குழாய் மதகுக்குள் தென்னை மட்டையும், கோணிச் சாக்கும், பாலித்தீன் பையும் சேற்றோடு இறுகிக் கட்டியாகியிருந்தன. அந்த மதகு நெடுஞ்சாலைத் துறையுடையது. இரண்டு அலுவலகங்களும் ‘எங்கள் வேலை முடிந்தது’ என்று எழுதிய பதில்கள் இரண்டும் உண்மையே. மூன்றாவது அலுவலகத்துக்கு ஒருவரும் மனுவே எழுதியிருக்கவில்லை.

ஆகவே மனு எழுதுமுன் தண்ணீர் போகும் வழியைக் கடைசிவரை ஒரு முறை நடந்து பாருங்கள். எந்த இடத்துக்கு மேலே தண்ணீர் நிற்கிறது, எந்த இடத்துக்குக் கீழே வற்றிக் கிடக்கிறது என்று பார்த்தால் அடைப்பு தெரிந்துவிடும். பல தெருக்களில் அந்த அடைப்பு, வண்டி ஏற்றுவதற்காக நாமே சாக்கடையின் மீது சிமென்ட் போட்டுக் கட்டிக்கொண்ட வாசல் சரிவாக இருக்கும். அதை எடுக்கச் சொல்லும் அதிகாரம் பேரூராட்சிக்கு உண்டு. எடுக்கச் சொன்னால் கோபித்துக்கொள்பவர்கள்தான் தண்ணீர் நிற்பதைப் பற்றியும் மனு கொடுக்கிறார்கள்.

ரோட்டு மேல ரோடு போட்டு வீடு பள்ளத்துல போயிடுச்சு. இதைக் கேக்க முடியுமா?

கேட்கலாம், ஆனால் சாலை போடத் தொடங்குமுன் கேட்க வேண்டும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும், சாலையின் மட்டம் உயரக்கூடாது என்று 2021இல் தலைமைச் செயலாளர் எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தினார். வேலை தொடங்குமுன் மதிப்பீட்டில் சுரண்டும் பணி சேர்க்கப்பட்டுள்ளதா என்று பொறியாளரிடம் கேளுங்கள். சேர்க்கப்படவில்லை என்றால் உடனே எழுதிக் கொடுங்கள். சாலை பேரூராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பேருந்து போகும் பெரிய சாலை பெரும்பாலும் பேரூராட்சியுடையதாக இராது. கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலை தேசிய நெடுஞ்சாலை 36.

குப்பை வண்டி ரெண்டு நாளா வரல. வாய்க்கால்ல போட்டா என்ன, தண்ணி வந்தா அடிச்சுக்கிட்டுப் போயிடுமே?

அடித்துக்கொண்டு போய் மேலே சொன்ன மதகில்தான் அடைக்கும். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுப்பது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வீட்டுக்காரரின் கடமையாக வைக்கப்பட்டது. பிரித்து வந்த மக்கும் குப்பை உரமாகிறது. கலந்து வந்தது கிடங்கில் மலையாகக் குவிகிறது. வண்டி வராவிட்டால் துப்புரவு மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். தூய்மைப் பணியாளரை வாசலில் நிறுத்திச் சண்டை போடுவது முறையல்ல. எந்தத் தெருவுக்கு எப்போது போவது என்று முடிவு செய்பவர் அவரல்லர்.

செப்டிக் டேங்க் மழைக்காலத்துல நிரம்பி வழியுது. ஆள் வெச்சு எடுக்கலாமா?

ஆளை இறக்கக்கூடாது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்புக் கருவிகள் இன்றித் தொட்டிக்குள் ஆளை இறக்குவது குற்றம். கூலிக்கு அழைத்த வீட்டுக்காரரும் தண்டனைக்கு உள்ளாவார். தொட்டிக்குள் தேங்கும் வாயுவில் நொடியில் உயிர் போகிறது என்பது செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரியும். உரிமம் பெற்ற கழிவுநீர் ஊர்தியை மட்டும் அழையுங்கள். உதவி எண் 14420. ஊர்தி கழிவை எங்கே கொண்டு போய்க் கொட்டுகிறது என்று கேட்பதும் நம் பொறுப்பு, ஏனெனில் இரவோடிரவாக வடிகாலில் திறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆற்றங்கரை ஊர்களில் கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி வருவதால், அடியில் பூசாத தொட்டிக்குள் வெளித் தண்ணீர் ஊறி நிரம்பும். அப்படியான தொட்டியை எடுக்க எடுக்க மறுபடி நிரம்பத்தான் செய்யும். கோடையில் தொட்டியின் அடியையும் பக்கங்களையும் பூசிக்கொள்வதே வழி.

எங்க தெருக் குளம் கோயிலோடதா, பேரூராட்சியோடதா? யாரு சுத்தம் பண்ணணும்?

வட்டாட்சியர் அலுவலகத்தில், நிலங்களின் விவரம் எழுதிய ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண்ணை (சர்வே நம்பர்) பாருங்கள், இணையத்திலும் பார்க்கலாம். கோயில் பெயரில் இருந்தால் பராமரிப்பு கோயில் நிருவாகத்துடையது, அதாவது அறநிலையத் துறையோ ஆதீனமோ. அரசுப் புறம்போக்காக, ஊருணி என்றோ குளம் என்றோ இருந்து உள்ளாட்சியின் வசம் இருந்தால் பேரூராட்சி. ஊரில் இன்னொரு எளிய வழியும் உண்டு: ஆண்டுதோறும் குளத்து மீனை ஏலம் விட்டுப் பணம் வாங்குவது யார் என்று விசாரியுங்கள். மீன் காசு வாங்குகிறவர் பாசியையும் எடுக்கட்டும் என்று கேட்பதில் தவறில்லை.

சொத்து வரி எப்ப கட்டணும்? முன்னாடியே கட்டினா தள்ளுபடி உண்டாமே?

அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. அரையாண்டு தொடங்கி 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 விழுக்காடு தனிவட்டி சேரும்.

‘இத்தனை நாள் இவ்வளவுதானே கட்டினேன், திடீரென்று ஏன் கூடியது’ என்ற கேள்வி 2022இல் தொடங்கியது. அந்த ஆண்டின் சீரமைப்பில் பேரூராட்சிக் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என உயர்த்தப்பட்டது. உங்கள் கட்டடத்தின் அளவு பதிவேட்டில் தவறாக இருந்தால் வரியும் தவறாக இருக்கும். இடித்துப்போன கொட்டகைக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அளந்து பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

முப்பது வருஷமா வீட்டு வரி கட்டறேன், ரசீது எல்லாம் இருக்கு. அப்ப இடம் எனக்குத்தானே?

இல்லை. வரி ரசீது, கட்டடத்தில் நீங்கள் குடியிருக்கிறீர்கள், அதற்கு வரி செலுத்தியிருக்கிறீர்கள் என்பதற்கு மட்டுமே சான்று. நிலத்தின் உரிமையைப் பத்திரமும், பட்டாவும், வில்லங்கச் சான்றும் சொல்ல வேண்டும். வாய்க்கால் கரையில் இருக்கும் வீட்டுக்கும் பேரூராட்சி வரி வாங்கும், மின்வாரியம் இணைப்புக் கொடுக்கும். பின்னர் ஒரு நாள் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் வருவாய்த் துறையின் அறிவிப்பும் வரும். மூன்றும் மூன்று அலுவலகங்கள், ஒன்று செய்ததற்கு மற்றொன்று கட்டுப்பட்டதல்ல. அந்த வரிசையில் வரும் மனிதருக்கு இது பெரிய அநியாயமாகத் தோன்றுவது இயல்பே. ஆனாலும் ரசீதுகளைத் தூக்கி எறிய வேண்டாம். மாற்றிடமோ வீட்டுமனைப் பட்டாவோ கேட்டு மனு கொடுக்கும்போது, எவ்வளவு காலமாகக் குடியிருக்கிறீர்கள் என்பதை அவைதான் காட்டும்.

எங்க வீடு கோயில் அடிமனையில இருக்கு. மாடி கட்டணும், விக்கணும்னா என்ன செய்யறது?

காவிரிக் கரையில் பாதி ஊர்களின் கேள்வி இது. சன்னதித் தெரு, மடவிளாகம், அக்கிரகாரம் என்று கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மனை கோயிலுக்கோ, திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்களுக்கோ சொந்தமாக இருக்கும். மேலே உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது. அவர் கோயிலுக்கு அடிமனை வாடகை கட்டுகிறார், பேரூராட்சிக்குச் சொத்து வரி கட்டுகிறார். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

கட்டட அனுமதிக்கு மனையின் உரிமையாளரான கோயிலின் தடையின்மைச் சான்று வேண்டும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, அதற்கு மேல் ஒரு தளமோ கட்டுபவர்கள் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம் என்ற திட்டம் 2024 ஜூலையில் வந்தது. அதை நம்பி அடிமனைக்காரர்கள் இ-சேவை மையத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். மனை தம் பெயரில் இருப்பவர்களுக்கே அது பயன்படும். விற்பதைப் பொறுத்தவரை கட்டடத்தை மட்டுமே விற்க முடியும். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி, கோயில் நிலத்தைத் துறையின் ஒப்புதலின்றி விற்றால் அது செல்லாது. வாங்குகிறவர் கோயில் பதிவேட்டில் வாடகைதாரராகத் தம் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவார். அவரை வெளியேற்ற அதே சட்டத்தின் 78ஆம் பிரிவு இருக்கிறது.

கோயிலுக்கும் செயல் அலுவலர் உண்டு, பேரூராட்சிக்கும் செயல் அலுவலர் உண்டு. ‘இ.ஓ.வைப் பார்த்துவிட்டேன், சரி என்றார்’ என்று யாராவது சொன்னால், எந்த இ.ஓ. என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

குழந்தை தஞ்சாவூர்ல பிறந்தது, நாங்க இருக்கறது இங்க. பிறப்புச் சான்று எங்க வாங்கணும்?

பிறந்த இடத்தில்தான் பதிவு. குடியிருக்கும் இடத்தில் அல்ல. தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பதிவை எங்கள் ஊர்ப் பேரூராட்சியில் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. இறப்புக்கும் இதே விதி. மருத்துவமனையில் பிறந்தால் தகவல் தர வேண்டியது மருத்துவமனை. வீட்டில் நிகழ்ந்தால் குடும்பத்தார். 21 நாட்களுக்குள் கட்டணம் இல்லை. 30 நாட்கள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஓராண்டு வரை எழுத்து மூலமான அனுமதி. ஓராண்டைத் தாண்டினால் நடுவரின் (மாஜிஸ்திரேட்) ஆணை வேண்டும். பெயர் வைக்காமல் பதிவு செய்திருந்தால் ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம்.

2023 அக்டோபர் 1 அன்றும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் முதலியவற்றில் பிறந்த தேதிக்கான ஆவணம் இந்தச் சான்று ஒன்றே. ஆகவே தாய் தந்தை பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளதுபோல் இருக்கிறதா என்று மருத்துவமனையில் படிவம் எழுதும்போதே பாருங்கள். வாரிசுச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவை வருவாய்த் துறையுடையவை, அவற்றுக்கு வட்டாட்சியர்தான்.

சுடுகாட்டுக்குப் பாதை இல்ல. சம்பா நேரத்துல பொணத்தை வயல்ல இறங்கித் தூக்கிட்டுப் போறோம். இதுக்கு யாரு பொறுப்பு?

மயானத்தைப் பராமரிக்க வேண்டியது உள்ளாட்சி. கொட்டகை, தண்ணீர், விளக்கு ஆகியவை அதன் வேலை. பாதைதான் சிக்கல், ஏனெனில் பாதை போக வேண்டிய இடம் பெரும்பாலும் ஒருவருடைய பட்டா நிலம். குறுவை அறுத்த கட்டாந்தரையில் எவரும் தடுப்பதில்லை. நடவு முடிந்து இடுப்பளவு பயிரும் முழங்கால் சேறுமாக இருக்கும் கார்த்திகையில், பாடை தூக்குபவர்கள் வரப்பில் கால் வைக்க இடமின்றி வயலில் இறங்குகிறார்கள். பயிருக்கு உடையவர் வாசலில் வந்து நிற்கிறார். இழவு வீட்டில் அன்று பேசத் தொடங்கும் பேச்சு கருமாதியோடு மறந்துவிடுகிறது. அடுத்த சாவு வரும்வரை யாரும் மனு எழுதுவதில்லை.

முதலில் புல வரைபடத்தைப் பாருங்கள். வண்டிப்பாதை என்றோ நடைபாதை என்றோ அதில் குறித்திருந்தால் பாதை சட்டப்படி இருக்கிறது, தரையில்தான் இல்லை; நில அளவையர் அளந்து கல் நடவேண்டும் என்று வட்டாட்சியருக்கு எழுதுங்கள். குறித்திருக்கவில்லை என்றால், உடையவர் தானமாகக் கொடுக்கலாம், அல்லது அரசு விலை கொடுத்து வாங்கலாம். ஆதிதிராவிடருக்கு வீட்டுமனை, மயானம் போன்ற நலத் திட்டங்களுக்காக நிலம் எடுப்பதற்கென்றே 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதற்கு மனு போக வேண்டிய இடம் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம்.

பாதை இருந்தும் ‘இந்தத் தெரு வழியாக எடுத்துப் போகக்கூடாது’ என்று தடுத்தால் அது பேரூராட்சியின் பொருளே அல்ல, காவல் நிலையத்தின் பொருள். மயானத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் தனியாகவே எழுதிவைத்திருக்கிறது. இதைச் சமாதானக் கூட்டத்தில் பேசி முடிப்பதே ஊர் வழக்கமாக இருக்கிறது. அந்தச் சமாதானத்தில் வேறு வழியாகச் சுற்றிப் போக ஒப்புக்கொள்பவர்கள் எப்போதும் ஒரே தரப்பினராக இருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

தெரு நாய் தொல்லை தாங்கல. பிடிச்சு ஊருக்கு வெளிய விடச் சொன்னா மாட்டேங்கறாங்களே?

விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023இன்படி நாயைப் பிடித்துக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வேறு ஊரில் கொண்டு போய் விடுவது விதிக்கு மாறானது. வெறி பிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் நாய்க்கு வேறு ஏற்பாடு உண்டு. உங்கள் மனுவில் ‘நாய்களை அகற்றுக’ என்று எழுதாமல், ‘இத்தெருவில் கருத்தடைப் பணி மேற்கொள்க’ என்று எழுதினால் மறுப்பதற்கு வழியிராது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம்.

பகுதி சபைன்னு ஒண்ணு இருக்காமே. கிராம சபை மாதிரியா?

ஏறக்குறைய. ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. நகர்ப்புறத்தில் வார்டைப் பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபை கூட்டும் முறை 2022இல் விதியாகி, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதன்முறையாக நடந்தது. உறுப்பினர் தலைமை வகிக்கிறார். ஆள் குறைவாக வரும் கூட்டம் என்பதால், நாலு பேர் சேர்ந்து ஒரே கோரிக்கையை வைத்தாலும் அது பதிவேட்டில் ஏறுகிறது. பேசிவிட்டு வந்துவிடாமல், நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மனு கொடுத்து மாசக் கணக்காச்சு, பதிலே இல்ல. கலெக்டர்கிட்ட போகலாமா?

போகலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் பேசலாம். இரண்டிலும் உங்கள் மனு சுற்றிக்கொண்டு வந்து கடைசியில் சேர்வது அதே செயல் அலுவலரின் மேசைக்குத்தான். ஆனால் இப்போது பதில் சொல்ல வேண்டிய நாள் ஒன்றும் எண் ஒன்றும் அதன்மீது இருக்கும். முதல் மனுவின் முத்திரையிட்ட நகலை இணைக்காமல் போகாதீர்கள். ஒரு மனுவில் ஒரு குறை மட்டும் எழுதுங்கள். விளக்கு, சாக்கடை, நாய், பட்டா நான்கையும் ஒரே தாளில் எழுதினால், ஏதேனும் ஒன்றுக்குப் பதில் எழுதி முழு மனுவையும் முடித்துவிடுவார்கள்.

எந்த ஆபீஸ்ல கேட்டாலும் ‘எங்களோடது இல்ல’ங்கறாங்க. அப்ப அந்த மதகு, அந்தப் பாதை யாருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இதற்குப் பயன்படுத்துங்கள். பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ‘ஏன் சரிசெய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் தர வேண்டிய கடமை அச்சட்டத்தில் இல்லை. ‘இந்தத் தெருவின் கிழக்கு முனையில் சாலைக்குக் குறுக்கே உள்ள மதகு எந்தத் துறையின் பராமரிப்பில் உள்ளது, கடைசியாக எப்போது, எவ்வளவு செலவில் சுத்தம் செய்யப்பட்டது, அதற்கான பதிவேட்டின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள்.

கேட்ட தகவல் தங்களிடம் இல்லை, இன்னொரு அலுவலகத்தில் இருக்கிறது என்றால், விண்ணப்பத்தை 5 நாட்களுக்குள் அந்த அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்பி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 6ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு சொல்கிறது. ‘எங்களுடையது அல்ல’ என்று வாயால் சொன்னவர், யாருடையது என்று எழுத்தில் சொல்லியாக வேண்டிய இடம் இது. பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பயனில்லை என்றால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். வந்த பதிலின் நகலை இணைத்து உரிய துறைக்குப் புதிய மனு கொடுங்கள். ஐப்பசிக்குள் வேலை நடக்க வேண்டுமென்றால் விண்ணப்பத்தை வைகாசியில் போட்டுவிடுவது நல்லது.